விழுந்த இடம்

காலை ஒன்பது இருபதுக்கு சுகந்தியின் திரைக்கு வந்த மருத்துவச் சார்ட்டில் ஒரு பெண் மாடிப்படியில் விழுந்திருந்தாள். முப்பத்து நாலு வயது. கடல் தாண்டி எங்கோ ஒரு ஊர். ஊரின் பெயரை மறைத்திருந்தார்கள், பெண்ணின் பெயரையும். வலது மேல்கையில் கன்றிப்போன காயம், எலும்பு முறிவில்லை, வலி மாத்திரை கொடுத்து வீட்டுக்கு அனுப்பியாயிற்று. பழகிய கைக்கு இரண்டு நிமிட வேலை. அந்த ஊர் டாக்டர்கள் எழுதி வைத்ததைப் படித்து, ஒவ்வொரு நோவுக்கும் காயத்துக்கும் புத்தகத்தில் உள்ள எண்ணைப் போட வேண்டும். அந்த எண்ணைப் பார்த்துத்தான் அங்கே இன்ஷூரன்ஸ்காரர்கள் ஒத்துக்கொள்வார்கள். திருச்சியில், பழைய தியேட்டர் ஒன்றை இடித்துக் கட்டிய கண்ணாடிக் கட்டடத்தின் மூன்றாவது தளத்தில் உட்கார்ந்து, நூற்றுப் பத்துப் பேர் இதைத்தான் செய்துகொண்டிருந்தார்கள். ஏழு மணி ஷிப்ட். யாரும் பேசவில்லை. கீபோர்டுகளின் சத்தம் தகரக் கூரையில் விழும் தூறல் போல ஒரே சீராக இருந்தது. அந்தத் தூறலில் தன் பங்கு மட்டும் நின்றுபோயிருப்பதை அவள் கொஞ்ச நேரம் கழித்தே கவனித்தாள். மேல்கை என்று எழுதியிருந்தது. மேல்கையின் எந்தப் பக்கம் என்று எழுதவில்லை. உள்பக்கமா வெளிப்பக்கமா என்று புத்தகமும் கேட்பதில்லை, வலதா இடதா என்று கேட்பதோடு சரி. வலது. போட்டுவிட்டுப் போ, சுகந்தி. கை எழவில்லை. திரையின் ஓரத்தில் மணி ஒன்பது இருபத்திரண்டு ஆனது. பத்தே காலுக்கு இடைவேளை. பத்தரைக்கு ராகு காலம்.

வெள்ளிக்கிழமை, நல்ல நாள், ஆனால் பத்தரை வரைக்கும்தான் நல்ல நாள். அம்மா காலையில் டிபன் டப்பாவை மூடிக்கொண்டே சொன்னாள், "பத்தரைக்குள்ள தரகர்கிட்ட சொல்லியாகணும்டி. அவங்க வீட்டுல காத்துக்கிட்டு இருக்காங்க. உன் வாயால ஒரு வார்த்தை சொல்லிடு, சரின்னு. அது போதும்." சரி என்ற சொல்லை அம்மாவே சொல்லிவிட்டாள். மகள் அதன் மேல் குரலை வைத்தால் போதும். போனை வேலை செய்யும் தளத்துக்குள் கொண்டுவரக் கூடாது, வாசலில் லாக்கரில் வைத்துப் பூட்ட வேண்டும். அங்கே அது இப்போது இருட்டில் அதிர்ந்துகொண்டிருக்கும். அம்மா பொறுக்காமல் இரண்டு தடவையாவது கூப்பிட்டிருப்பாள். தரகர் நமச்சிவாயம் கொடுத்த தாள் பையில் நான்காக மடித்துக் கிடந்தது. அச்சடித்த தாள், கட்டம் கட்டமாக. பெயர், பரணிதரன். வேலை, கூட்டுறவு சங்கம். உயரம். நட்சத்திரம். நிறம். உடன்பிறந்தோர், அண்ணன் ஒருவர், மணமானவர். கெட்ட பழக்கங்கள், இல்லை. குடும்பம், நல்ல குடும்பம். எல்லாத் தாளிலும் நல்ல குடும்பம்தான், அதை அச்சிலேயே சேர்த்திருந்தார்கள், பேனாவால் எழுத வேண்டிய அவசியமில்லை. அவளுடைய தாளில் நிறம் என்ற இடத்தில் அப்பா மாநிறம் என்று உண்மையைச் சொன்னபோது தரகர் சிரித்து, "புதுநிறம்னு போட்டுக்கறேங்க, மாநிறம்னு போட்டா தாளைத் திருப்பிக்கூடப் பாக்க மாட்டாங்க" என்றார். அன்றிலிருந்து கண்ணாடியில் பார்க்கும்போதெல்லாம் தான் எந்தக் கட்டத்தில் இருக்கிறோம் என்ற யோசனை ஒரு கணம் வந்துவிட்டுப் போனது. பரணிதரனை அவளுக்குப் பிடித்திருந்தது. அதுதான் கஷ்டம். பெண் பார்க்க வந்த அன்று, சிரிக்கும்போது அவனுடைய காது அசைந்தது. "வேலைக்குப் போறதுல எனக்கு ஆட்சேபணை எல்லாம் இல்ல, ஏழு மணி ஷிப்டுன்னா லால்குடியிலேர்ந்து எந்த ரயிலுன்னு பாத்து வச்சிட்டேன்" என்றான். ரயில் நேரத்தைப் பார்த்து வைத்தவனை எப்படிப் பிடிக்காமல் போகும்.

"ஏய், தூங்கறியா?" பக்கத்து சீட்டு பெனாசிர் நாற்காலியைக் காலால் தள்ளிக்கொண்டு வந்து எட்டிப் பார்த்தாள். "படியில விழுந்த கேஸுக்கா இவ்வளவு யோசனை? நான்கூட ஏதோ வாத்து கடிச்ச கேஸ்னு நெனச்சேன்." சுகந்தி சிரித்து வைத்தாள். வாத்து அவர்கள் இருவருக்குமான பழைய வேடிக்கை. வாத்து கடித்தால் ஒரு எண், வாத்து வந்து இடித்தால் வேறொரு எண், ஆமை கடித்தால் இன்னொன்று. பயிற்சியின் முதல் வாரம் இதைச் சொல்லிச் சொல்லி வயிறு வலிக்கச் சிரித்தார்கள். வேலைக்கு வந்து இரண்டு வருஷத்தில் சிரிப்பு போய்விட்டது, எண் தங்கிவிட்டது. காண்டீனில் மேனேஜர் கத்தினால் பெனாசிர் சிடுசிடுப்புக்கான எண்ணைத்தான் முணுமுணுப்பாள், மேசை முழுக்கப் புரிந்துகொள்ளும். பஸ்ஸில் யாராவது இருமினால் சுகந்திக்கு எழுத்தும் இலக்கமும் தன்னால் மேலெழும். அம்மா மட்டும் எந்தக் கட்டத்திலும் அடங்கவில்லை. "உடம்பு என்னமோ ஒரு மாதிரியா இருக்குடி" என்பாள். "சூடு பிடிச்சிக்கிச்சு" என்பாள். "வாயு எங்கேயோ போயி நின்னுக்கிட்டு நகர மாட்டேங்குது" என்பாள். "எங்கம்மா வலிக்குது? வலதா இடதா? எத்தனை நாளா? இதுக்கு முன்னாடி வந்திருக்கா?" என்று சுகந்தி கேட்டால், "என்னடி போலீஸ்காரி மாதிரி கேக்கறே? வலிக்குதுன்னா ஒரு தைலத்தைத் தேச்சு விடுவியா, அத விட்டுட்டு" என்று திரும்பிப் படுத்துக்கொள்வாள். தேய்த்து விட்டிருக்கலாம். முன்பெல்லாம் கேட்காமலே தேய்த்து விடுவாள். இப்போது ஒரு சொல் காதில் விழுந்ததும் அது எந்த அத்தியாயம் என்று மனம் ஓடிவிடுகிறது. எண் கிடைத்துவிட்டால் ஒரு நிம்மதி, டப்பாவை மூடிய மாதிரி. மூடிய பிறகு உள்ளே என்ன இருந்தது என்று திரும்பிப் பார்ப்பதில்லை. ஒரு நாளைக்கு நூற்று இருபது டப்பா. திரும்பிப் பார்த்தால் எண்ணிக்கை விழும்.

ஞாயிற்றுக்கிழமை லால்குடிக்குப் போனபோது பெரியம்மா வழியெல்லாம் கிண்டல் செய்தாள். "எங்க காலத்துல மாப்பிள்ளை வீடு பாக்கப் போனா பொண்ண வீட்ல விட்டுட்டுத்தான் போவாங்க. இப்ப பொண்ணே முன் சீட்டுல உக்காந்து வருது. அடுத்து தாலியையும் நீயே எடுத்துக்கிட்டுப் போய்க் கட்டிப்ப போல." பெண்ணையும் கூட்டி வாருங்கள், அவள் வாழப்போகும் வீட்டை அவளே பார்க்கட்டும் என்று அவர்கள்தான் சொல்லி அனுப்பியிருந்தார்கள். இறங்கியதும் பரணிதரனின் அம்மா அதைப் பெருமையாகச் சொன்னார். "எனக்குக்கூட இது தோணலைங்க. எங்க பெரிய மருமகதான் சொன்னா, பொண்ணு வந்து பாக்கட்டும் அத்தைன்னு. தாமரை அப்படித்தான், தங்கம்." தங்கம் என்று சொல்லப்பட்டவள் பின்னால் தட்டோடு நின்றாள். முப்பது இருக்கும். பங்குனி வெயிலில் முழங்கையைத் தாண்டி இறங்கும் கை வைத்த ரவிக்கை. பெரியவர்கள் முன்னறையில் உட்கார்ந்தார்கள். சம்பந்தியம்மா கூரையைக் காட்டி, "சித்திரை போகட்டும், இந்த ஓடெல்லாம் பிரிச்சிட்டு மேல மாடி எழுப்பப் போறோம். இவங்க ரெண்டு பேருக்கும் மேல தனியா ஒரு ரூம்" என்றார். அம்மாவின் முகம் மலர்ந்ததை சுகந்தி பார்த்தாள். மேலே தனியாக ஒரு அறை. அவள் மனம் அதற்குள் ஒரு ஜன்னலும், ஜன்னலுக்கு ஒரு திரையும் போட்டுவிட்டது. "தாமரை, புள்ளைக்கு அடுப்படியக் காட்டும்மா." அடுப்படி சுத்தமாக இருந்தது. மேடையில் கூடை நிறையக் கழுவிய டம்ளர்கள் கவிழ்ந்திருந்தன. "தண்ணி குடிக்கிறியாம்மா?" என்று கேட்டுவிட்டு தாமரை நுனிக்காலில் எழும்பி மேல்தட்டில் இருந்த ஒரு டம்ளருக்குக் கையை நீட்டினாள். ரவிக்கையின் கை சறுக்கி மேலே ஏறியது. மேல்கையின் உள்பக்கம், அக்குளுக்குக் கொஞ்சம் கீழே, ஒரு கட்டைவிரல். பின்பக்கம் வளைந்து போகும் இடத்தில் நான்கு விரல்கள். விரல்கள் இல்லை, விரல்கள் இருந்த இடங்கள். சில நீலம், சில பழுத்து மஞ்சளாகிப் பச்சை ஓடியவை. ஒரே நாளின் நிறம் இல்லை அது. தாமரை டம்ளரை எடுக்க அவ்வளவு நேரம் ஆகியிருக்க வேண்டியதில்லை. "மாடிப்படியில விழுந்துட்டேன்" என்றாள் மெதுவாக. தண்ணீர் மொண்டு கொடுத்தாள். தண்ணீர் குளிர்ச்சியாக, கொஞ்சம் வெட்டிவேர் வாசனையோடு இருந்தது.

டபிள்யூ பத்து. மாடிப்படியில் விழுதல். அந்த அடுப்படியில் நின்று தண்ணீரைக் குடித்துக்கொண்டே அவள் மனம் எண்ணைப் போட்டுவிட்டது. டப்பா மூடிக்கொண்டது. "பாத்து நடங்கக்கா" என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள். அதை நினைத்துத்தான் இந்த ஐந்து நாளாகச் சோறு இறங்கவில்லை. பாத்து நடங்கக்கா. அப்புறம் இரவு படுத்தபோதுதான் டப்பாவின் மூடி அசைந்தது. படியில் விழுகிறவர்களை அவள் இரண்டு வருஷமாகப் படித்துக்கொண்டிருக்கிறாள், ஆயிரக்கணக்கில். முழங்கை, மணிக்கட்டு, முட்டி, இடுப்பு, நெற்றி. நீட்டிக்கொண்டிருக்கும் இடம்தான் தரையில் படும். மேல்கையின் உள்பக்கம் ஒளிந்திருக்கும் இடம், யாராவது பிடித்தால் ஒழிய அங்கே ஒன்றும் படாது. ஆனால் இதை நினைக்கக் கூடாது என்றும் அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். மாசி மாதத்தில் ஒரு சார்ட் வந்தது. நாற்பத்தொரு வயதுப் பெண், வீட்டில் விழுந்ததாகச் சொல்கிறாள், உடம்பில் வெவ்வேறு பருவத்துக் காயங்கள் என்று டாக்டர் எழுதியிருந்தார், அதோடு நிறுத்தியிருந்தார். சுகந்தி விழுதலைப் போடவில்லை. வீட்டில் அடிபடுவதாகச் சந்தேகம் என்பதற்குப் புத்தகத்தில் ஒரு எண் இருக்கிறது, அதைப் போட்டாள். புத்தகம் வேறெதற்கும் சந்தேகத்தை எளிதில் ஒப்புக்கொள்ளாது. புற்றுநோயாக இருக்கலாம் என்று டாக்டர் எழுதினாலும் அங்கே புற்றுநோயைப் போடக் கூடாது, வந்த வலியை மட்டும்தான் போட வேண்டும். இந்த ஒன்றுக்கு மட்டும் உறுதி என்றால் ஒரு வரிசை, சந்தேகம் என்றால் தனியாக ஒரு வரிசை வைத்திருந்தார்கள். புத்தகத்தை எழுதியவர்களுக்கு இந்த ஒரு விஷயத்தில் உறுதி அவ்வளவு சீக்கிரம் கிடைக்காது என்று தெரிந்திருக்கிறது. தணிக்கையில் அது பிழை என்று வந்தது. டீம் லீடர் ஜெரால்டு அவளைக் கூப்பிட்டு, கோபமில்லாமல், தங்கையிடம் சொல்வது போலப் பொறுமையாகச் சொன்னார். "சுகந்தி, டாக்டர் சந்தேகம்னு எழுதியிருக்காரா? இல்லல்ல? சந்தேகம் டாக்டருக்கு வரணும்மா, நமக்கு வரக் கூடாது. எழுதினது இருக்கு, எழுதாதது இல்ல. அவ்வளவுதான் நம்ம வேலை." பிழைக்குப் பெயர் அனுமானம். அவளுடைய பெயருக்கு எதிரே ஒரு மாதம் முழுக்க அது பலகையில் இருந்தது. அனுமானம், ஒன்று.

அந்த நாற்பத்தொரு வயதுப் பெண் அப்புறம் வந்தாளா என்று அவளுக்குத் தெரியாது. வந்திருந்தாலும் தெரியாது. அதுதான் அந்தப் புத்தகத்தின் அமைப்பு. எண்ணின் கடைசியில் ஒரு எழுத்து வரும், இந்தக் காயத்துக்கு முதல் தடவை பார்க்கிறார்களா, அடுத்த தடவையா, காயம் ஆறிய பிறகு மிச்சமிருக்கும் கோளாறா என்று சொல்ல. ஆனால் நேற்று விழுந்தவள் இன்று மறுபடி விழுந்தால் அது புதுக் காயம், மறுபடி முதல் தடவை. பத்து முறை விழுந்தவளுக்குப் பத்து முதல் தடவை. எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கிற எழுத்து ஒன்று இல்லை. சேர்த்துப் பார்க்கிற ஆள்தான் வேண்டும், அந்த ஆள் அனுமானம் செய்யக் கூடாது. நீலம் முதல் தடவை. மஞ்சள் முதல் தடவை. பச்சை முதல் தடவை. சுகந்தி கண்ணை மூடித் திறந்தாள். ஒன்பது நாற்பத்தெட்டு. வேறு சார்ட்டுக்குத் தாவலாமா என்று பார்த்தாள், ஒரு சிறுநீர்த் தொற்று, ஒரு ஜுரம், ஒரு குழந்தை மூக்கில் பட்டாணி, கடகடவென்று முடித்தாள், கை நன்றாகத்தான் ஓடியது. திரும்பி வந்தால் படி அங்கேயே இருந்தது. யாருடைய கை அது? புத்தகத்தில் அதற்கும் எண்கள் உண்டு, கணவன், அப்பா, அம்மா, மாமனார் மாமியார், சகோதரன். உறுதியானால் மட்டுமே போடலாம். கணவன் என்றே வைத்துக்கொள்வோம். அண்ணன் வேறு, தம்பி வேறு. ஒரே வயிற்றில் பிறந்தவர்கள் எல்லாம் ஒரே மாதிரியா இருக்கிறார்கள்? விலங்கியல் படித்தபோது ஒரே குடும்பம் என்று எழுதிப் படித்ததில் பூனையும் இருந்தது, புலியும் இருந்தது. அவன் ரயில் நேரம் பார்த்து வைத்தவன். ஆனால் அவன் அந்த வீட்டில்தான் சாப்பிடுகிறான், தூங்குகிறான். அந்த ஓட்டுக் கூரையின் கீழே ஒரு சத்தம் கேட்டால் எல்லா அறைக்கும் கேட்கும். கேட்டுவிட்டு டிவியின் ஒலியைக் கூட்டுகிறவனா அவன்? காபி டம்ளரை வாங்கியபோது அவன் கையைப் பார்த்தாளே, அகலமான கை, டம்ளர் முழுக்க மறைந்துபோனது, அப்போது அது அவளுக்கு அழகாகத் தெரிந்தது. இப்போது அந்தக் கையைத் தாமரையின் மேல்கையில் வைத்து அளந்து பார்க்கிறாள். அளந்ததும் கூசிப்போய் எடுத்துவிடுகிறாள். பாவம். பாவமா? கட்டைவிரல் உள்ளே, நான்கு வெளியே. அவளுடைய வலது மேல்கையில், சுடிதாருக்குள், ஏசி குளிரில் ரோமம் சிலிர்த்து நின்றது.

எழுதினது இருக்கு, எழுதாதது இல்ல. அந்த விதி ஒரு வசதிதான், ஐந்து நாளாக அவள் அதன் மேல்தான் தூங்க முயன்றாள். யாரும் ஒன்றும் எழுதவில்லை. தாமரை விழுந்துவிட்டதாகச் சொன்னாள், பாதிக்கப்பட்டவளே சொல்வதை விடவா பெரிய பதிவு? ஜெரால்டைக் கேட்டால் டபிள்யூ பத்து என்றுதான் சொல்வார். அம்மாவைக் கேட்டால், அம்மாவைக் கேட்கவில்லை, அம்மாவின் மலர்ந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு எப்படிக் கேட்பது. இது ஏழாவது வரன். சரி என்று சொல்லிவிடலாம். இந்தச் சார்ட்டையும் முடித்துவிடலாம். பத்து ஐந்து. அவள் பேனாவை மூடுகிறவள் போல முதுகை நிமிர்த்திக்கொண்டு கட்டங்களை நிரப்ப ஆரம்பித்தாள். காயம், வலது மேல்கை, முதல் தடவை. காரணம், மாடிப்படியில் விழுதல். அடுத்த கட்டம் விழுந்த இடம். புத்தகம் இதில் மட்டும் நுணுக்கமாகக் கேட்கும், தனி வீடா, அடுக்குமாடியா, வீட்டில் அடுப்படியா, குளியலறையா, படுக்கையறையா. இந்த நுணுக்கத்துக்குப் பழகிப்போனதாலோ என்னவோ, கட்டத்தைப் பார்த்ததும் அவளுக்குக் கடல் தாண்டிய வீடு வரவில்லை, லால்குடி வீடு வந்தது. இரும்புக் கதவு. கிணற்றடியில் செம்பருத்தி. முன்னறை, சுவரில் அண்ணனின் கல்யாணப் போட்டோ. இடது பக்கம் ஒரு அறை, வலது பக்கம் சாமி அறை. நேராகப் போனால் அடுப்படி. பின்கதவு, துணி துவைக்கிற கல், மாட்டுக் கொட்டகை இருந்து எடுத்துவிட்ட வெற்று இடம். மறுபடி வாசலிலிருந்து ஆரம்பித்தாள். இரும்புக் கதவு, செம்பருத்தி, முன்னறை. படி எங்கே? பின்கட்டில் இருந்திருக்குமோ? பின்கட்டிலும் மேலே ஓடுதான், ஓட்டின் மேல் ஒரு பூசணிக் கொடி படர்ந்திருந்தது. மேல மாடி எழுப்பப் போறோம். எழுப்பப் போகிறார்கள். இன்னும் எழுப்பவில்லை. அந்த வீட்டில் மாடி இல்லை. மாடி இல்லாத வீட்டில் மாடிப்படி இல்லை.

அவள் திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். கீபோர்டுகளின் தூறல் எங்கோ தள்ளிப் போய்விட்டது. இரண்டையும் ஒரே மணி நேரத்தில் ஒரே காதில் கேட்டிருக்கிறாள், மாடி எழுப்பப் போகிறோம் என்பதையும், மாடிப்படியில் விழுந்தேன் என்பதையும். ஒன்றை ஜன்னலாக்கித் திரை போட்டாள், இன்னொன்றை எண்ணாக்கி மூடினாள். எண்ணான பிறகு அந்தப் படிக்கு வீடு தேவைப்படவில்லை. தாமரைக்கு அது தெரியாதா, அந்த வீட்டில் ஏழு வருஷமாகக் கூட்டிப் பெருக்குகிறவளுக்கு? வழுக்கிவிட்டது என்று சொல்லியிருக்கலாம், தெருவில் மாடு முட்டியது என்று சொல்லியிருக்கலாம், கிணற்றடியில் பாசி என்று சொல்லியிருக்கலாம், நம்புவதற்கு எத்தனையோ இருந்தன. இதுதான் அந்த வீட்டை ஒருமுறை சுற்றி வந்தவர்கள் நம்ப முடியாத பொய். யாரும் கேட்காமல் சொன்னாள். கூடை நிறையக் கழுவிய டம்ளர்கள் மேடையிலேயே கிடந்தன, நுனிக்காலில் எழும்பி மேல்தட்டிலிருந்து எடுத்தாள். எடுக்கும்போது தட்டைப் பார்க்கவில்லை, இவளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பொண்ணு வந்து பாக்கட்டும் அத்தை. பாக்கட்டும். வந்தாள், பார்த்தாள், தண்ணீர் குடித்தாள், பார்த்து நடக்கச் சொல்லிவிட்டு வந்தாள். எழுதாதது இல்லை என்று யார் சொன்னது, கையைத் தூக்கிப் பிடித்து அவ்வளவு நேரம் தாமரை எழுதிக்கொண்டிருந்தாளே. "இடைவேளைடி, எந்திரி" என்று பெனாசிர் தோளைத் தொட்டபோது சுகந்தி துள்ளிவிட்டாள். "அய்யோ, என்னாச்சு உனக்கு, பேய் அறைஞ்ச மாதிரி இருக்கே?" பேய் அறைந்ததற்குப் புத்தகத்தில் எண் இல்லை என்று ஒரு மூலையில் மனம் சொன்னது. அந்த மனத்தை அவள் வெறுத்தாள்.

லாக்கரில் போன் சூடாக இருந்தது, தவறிய அழைப்பு ஆறு. கழிவறைப் பக்கத்து ஜன்னலோரம் போய் நின்று கூப்பிட்டாள். முதல் மணி அடித்து முடிவதற்குள் அம்மா எடுத்தாள். "எங்கடி போனே? மணி பத்தே காலு. சொல்லு, தரகர் கூப்பிட்டுக்கிட்டே இருக்காரு." சுகந்தி, "அம்மா, அந்தப் பெரிய மருமக கையை" என்று ஆரம்பித்து நிறுத்தினாள். பின்னால் குக்கர் விசில் அடித்து ஓய்ந்தது. ஏன் எந்தக் கை என்று அம்மா கேட்கவில்லை? கேட்பாள் என்று காத்திருந்தாள். "பாத்தேன்" என்றாள் அம்மா. "தட்டு வாங்குறப்ப ரவிக்கைக் கை மேல ஏறிச்சு, பாத்தேன். நீ பாக்கலைன்னு நெனச்சேன்." ஜன்னலுக்குக் கீழே ஒரு ஆட்டோ பின்னால் எடுத்துக்கொண்டே போனது. நீ பாக்கலைன்னு நெனச்சேன். அந்தச் சொற்களை அவள் கையில் வைத்துக்கொண்டு நின்றாள், வைக்க இடமில்லை. "அது அவங்க வீட்டுப் பெரியவன் சமாச்சாரம்டி. இந்தப் பையன் நல்ல மாதிரி. எல்லா வீட்டுலயும் ஒண்ணு ரெண்டு..." என்ற அம்மாவின் குரல் சுவரைத் தடவிக்கொண்டு நடப்பது போல வந்து, வழி தெரியாமல் நின்றது. "வேணாம்மா" என்றாள் சுகந்தி. மெல்லத்தான் சொன்னாள். அம்மா நீளமாக மூச்சு விட்டது கேட்டது, அது கோபமா நிம்மதியா என்று அவளால் பிரிக்க முடியவில்லை. "சரி. வேணாம்னா வேணாம். ஆனா என்ன காரணம்னு கேப்பாங்களே, என்னன்னு சொல்றது?" உங்கள் வீட்டில் மாடிப்படி இல்லை என்று சொல்லு. நாக்கு நுனி வரை வந்துவிட்டது. சரியான காரணம், ஒரே காரணம், ஐந்து நாள் கழித்துக் கிடைத்த காரணம். தரகர் அதை வாங்கிக்கொண்டு போவார், புரியாமல் அப்படியே சொல்வார். சம்பந்தியம்மாவுக்கு முதலில் புரியாது. அப்புறம் புரியும். படியைப் பற்றி இவர்களுக்கு யார் சொன்னது? அடுப்படியில் யார் இருந்தது? தங்கம் என்று கூப்பிட்ட வாயால் கூப்பிடுவார்கள், தாமரை, இங்க வா. அன்றைக்கு அவள் எங்கே விழுவாள்? அதுவும் முதல் தடவை. தரகரின் நோட்டில் என்னென்ன காரணம் இருக்கும் என்று அவளுக்குத் தெரியும், ஆறு முறை கேட்டாயிற்று, பொருத்தம், நிறம், உயரம், படிப்பு, தூரம். யாரையும் காயப்படுத்தாத கட்டம் ஒன்றுதான். "தூரம்னு சொல்லும்மா." "லால்குடி ஒரு தூரமாடி? நம்புவாங்களா?" "எழுதிக்குவாங்கம்மா" என்றாள் சுகந்தி.

தூரம். தாமரை அதைக் கேட்பாள், முன்னறைக்குப் பின்னால் தட்டோடு நின்றபடி. பொண்ணு பார்த்தாளா பார்க்கவில்லையா என்று அந்த ஒரு சொல்லிலிருந்து அவளால் கண்டுபிடிக்க முடியுமா? தனக்காகச் சொன்னாளா, வரப்போகிறவளுக்காகச் சொன்னாளா? போகாதே என்றா, வந்து என்னோடு இரு என்றா? கேட்டிருக்க வேண்டியது ஒரு கேள்வி, அடுப்படியில், தண்ணீர் வாங்கும்போது. கேட்கவில்லை. அவள் போனைப் பூட்டிவிட்டு வந்து உட்கார்ந்தபோது மணி பத்து இருபத்தொன்பது. திரையில் விழுந்த இடம் என்ற கட்டத்தில் கோடு மினுங்கி மினுங்கி நின்றது. சந்தேகம் நமக்கு வரக் கூடாது, ஆனால் டாக்டரிடம் விளக்கம் கேட்டு ஒரு சீட்டு அனுப்பலாம், அதற்கு விதியில் இடமுண்டு. யாரும் அனுப்புவதில்லை. அனுப்பினால் அந்த சார்ட் அன்றைய கணக்கில் சேராது, பதிலும் பெரும்பாலும் வராது. அவள் அந்தச் சீட்டைத் திறந்தாள். பெனாசிர் எட்டிப் பார்த்தாள். "லூசாடி நீ? ரெண்டு நிமிஷக் கேஸுக்கு டாக்டருக்கு சீட்டா? ஜெரால்டு சார் உன்னப் பிச்சு எடுத்துடுவாரு." "பிச்சு எடுக்கட்டும்" என்றாள் சுகந்தி. அவள் அப்படிப் பேசி பெனாசிர் கேட்டதில்லை, வாயைத் திறந்தபடி நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டாள். காயம் மேல்கையின் உள்பக்கமா என்று முதலில் தட்டினாள். அடுத்த வரியில், இந்தப் பெண் இதற்கு முன் எத்தனை முறை வந்திருக்கிறாள் என்று. கடைசியாக, அந்த வீட்டில் மாடிப்படி இருக்கிறதா என்று கேட்டீர்களா. ஆங்கிலத்தில் எழுதியபோது அது அலுவலகக் கடிதம் போலச் சாதாரணமாகத்தான் இருந்தது. அனுப்பினாள். சார்ட் திரையிலிருந்து மறைந்து அடுத்தது வந்தது, யாருக்கோ காதுவலி. மணி பத்தரை. லால்குடியில் இந்நேரம் தரகரின் போன் வந்திருக்கும். அடுப்படியில் தாமரை யாருக்கோ தண்ணீர் கொடுக்க ஒரு டம்ளரை எடுத்துக்கொண்டிருப்பாள், கூடையிலிருந்தா, மேல்தட்டிலிருந்தா, இங்கிருந்து தெரியவில்லை.